100 மணி நேரம் கேட்கும் ‘பெர்சோனா 5 ராயல்’: எதில் கில்லி, எங்கே சொதப்பல்?

ஆபீஸ் முடிந்து வீடு வந்து, சாப்பிட்டு, நாளைய மீட்டிங் பற்றிய மெசேஜ்களுக்குப் பதில் போட்டு நிமிர்ந்தால் மணி பத்து. தூங்குவதற்கு முன் கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை மூன்று மாதத்துக்கும் மேல் தினமும் ஒரே வீடியோ கேமுக்குக் கொடுக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் யோசிப்பார்கள். ‘பெர்சோனா 5 ராயல்’ கேட்பது அதைத்தான். கதையை மட்டும் முடிக்கவே ஏறத்தாழ 100 மணி நேரம் பிடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த கேமின் மையமே நேரம்தான். ஒரு நாளில் எல்லாவற்றையும் செய்ய முடியாது, எதைச் செய்வது எதை விடுவது என்று யோசித்து முடிவெடு என்று கதாநாயகனுக்கு அது பாடம் நடத்துகிறது. அதே கேம், கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவரின் நேரத்தை மட்டும் சில இடங்களில் தண்ணீர் பட்ட பாடு படுத்துகிறது. பெரியவர்களின் அத்துமீறலை எதிர்த்துக் கொதிக்கும் கதை, தன் கதாநாயகிகளைக் காட்டும் விதத்தில் அந்தக் கோபத்தையே மறந்துவிடுகிறது. உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்ட இந்த ஜப்பானிய ஆர்பிஜியின் பலம் என்ன, பலவீனம் என்ன? விரிவாகப் பார்க்கலாம். (கதையின் முதல் பகுதி மட்டுமே இங்கே விளக்கமாகச் சொல்லப்படுகிறது. பிற்பகுதியின் திருப்பங்கள் இல்லை.)

முதல்ல, இது என்ன கேம்?

ஆர்பிஜி என்பது ஒரு கதாபாத்திரமாக மாறி, அதன் திறமைகளை வளர்த்துக்கொண்டே கதையில் முன்னேறும் வகை. 1986-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’, 1987-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஆகியவை ஜப்பானில் இந்த வகைக்கு ஒரு தனி வடிவம் கொடுத்தன. எழுதி வைக்கப்பட்ட கதை, ஒரு நண்பர் குழு, மாறி மாறி அடித்துக்கொள்ளும் ‘டர்ன் பேஸ்டு’ சண்டை என்பது அதன் பொதுவான அச்சு. இதைத்தான் சுருக்கமாக ஜே.ஆர்.பி.ஜி. என்கிறார்கள்.

ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 1996-ல் தொடங்கியது ‘பெர்சோனா’ வரிசை. 2006-ல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில்தான் இந்த வரிசையின் அடையாளமே உருவானது. பகலில் பள்ளி மாணவன், மறுபக்கம் அமானுஷ்ய உலகில் சண்டை, நடுவில் நாள் நாளாக நகரும் ஒரு காலண்டர். அந்தப் பாகத்தை இயக்கிய கட்சுரா ஹஷினோதான் நான்கு, ஐந்தாம் பாகங்களுக்கும் இயக்குநர்.

‘பெர்சோனா 5’ ஜப்பானில் 2016 செப்டம்பரிலும், மற்ற நாடுகளில் 2017 ஏப்ரலிலும் வெளியானது. அந்த ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த ஆர்பிஜி விருதும் கிடைத்தது. புதிய பாத்திரங்கள், புதிய பகுதி, கூடுதல் கதை சேர்த்து 2019-ல் ஜப்பானிலும் 2020-ல் உலக அளவிலும் வந்த விரிவாக்கப் பதிப்புதான் ‘ராயல்’. 2022 அக்டோபரில் அது கம்ப்யூட்டர், நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5 என எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர் பழைய பதிப்பைத் தேட வேண்டியதில்லை, நேராக ராயலுக்கே போகலாம்.

கதை என்ன?

ஒரு பள்ளி மாணவன் இரவில் வீடு திரும்பும்போது, குடிபோதையில் ஒருவர் ஒரு பெண்ணிடம் அத்துமீறுவதைப் பார்த்துத் தடுக்கிறான். தடுமாறி விழும் அந்த நபர் செல்வாக்குள்ளவர். மாணவன் மீதே வழக்குப் பாய்கிறது. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் டோக்கியோவுக்கு அனுப்பப்படுகிறான். லெப்லாங்க் என்ற சிறிய காபிக் கடையின் தூசி படிந்த பரண்தான் அவன் அறை. கடை இருக்கும் பகுதியின் பெயர் யோங்கென்ஜயா. டோக்கியோவில் நிஜமாகவே இருக்கும் சாங்கென்ஜயாவின் சாயல் அது. ‘சான்’ என்றால் ஜப்பானிய மொழியில் மூன்று, ‘யோன்’ என்றால் நான்கு. ஒன்றைக் கூட்டிப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்.

புதிய பள்ளியிலும் அவன் ‘கேஸ் உள்ள பையன்’. இந்த நிலையில் அவனுக்கும் சில நண்பர்களுக்கும் இன்னொரு உலகத்துக்கான வழி திறக்கிறது. கெட்ட ஆசை முற்றிய மனிதர்களின் மனம் அங்கே ஒரு மாளிகையாக நிற்கிறது. உள்ளே நுழைந்து அந்த ஆசையின் மூலமான ‘புதையலை’த் திருடிவிட்டால், நிஜ உலகில் அந்த மனிதர் மனம் மாறித் தன் குற்றங்களைத் தானே ஒப்புக்கொள்வார். இப்படித்தான் ‘ஃபேன்டம் தீவ்ஸ்’ என்ற ரகசியத் திருடர் கூட்டம் உருவாகிறது.

‘ஒப்புக்கொள்வது’ என்ற இந்தக் கரு சும்மா வைக்கப்பட்டதல்ல. ஜப்பானில் நீதிமன்றத்துக்குப் போகும் குற்ற வழக்குகளில் 99 சதவீதத்துக்கும் மேல் தண்டனையில்தான் முடிகின்றன. வாக்குமூலத்துக்கு அங்கே அவ்வளவு எடை. கேம் தொடங்குவதே கதாநாயகன் போலீஸிடம் சிக்கி, அடிபட்டு, ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வைக்கப்படும் காட்சியில்தான். கதையின் பெரும்பகுதி அந்த விசாரணை அறையில் அவன் சொல்லும் பிளாஷ்பேக்.

பலம் 1: ஒரு மாலை என்ன விலை?

ஏப்ரலில் தொடங்கும் காலண்டர் ஒவ்வொரு நாளாக நகரும். பள்ளி முடிந்த பிறகு ஒரு வேலை, இரவில் ஒரு வேலை, பெரும்பாலும் அவ்வளவுதான் கணக்கு. நூலகத்தில் படித்தால் அறிவு கூடும். பொதுக் குளியலறைக்குப் போனால் வசீகரம் கூடும். பூக்கடையில் பகுதி நேர வேலை பார்த்தால் கையில் காசு. ஷிபுயாவில் உள்ள டைனரில் மழை நாளில் உட்கார்ந்து படித்தால் கூடுதல் புள்ளி. அறிவு, துணிச்சல், கைத்திறன், கனிவு, வசீகரம் என ஐந்து குணங்களையும் இப்படித்தான் வளர்க்க வேண்டும்.

நடுவில் கெடு தேதி துரத்தும். முதல் மாளிகைக்குக் கெடு மே 2. அதற்குள் வேலையை முடிக்காவிட்டால் மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்படுவார்கள், கேம் ஓவர். மாளிகைக்குள் ஒருமுறை போய் வந்தால் ஒரு நாள் காலி. எனவே ஒரே தடவையில் எவ்வளவு தூரம் போகலாம், மந்திர சக்திக்கான எஸ்.பி. தீர்ந்து திரும்பினால் எத்தனை நாள் வீணாகும் என்றெல்லாம் மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எஸ்.பி.யை நிரப்ப உதவுவது எது தெரியுமா? காபிக் கடைக்காரர் சோஜிரோ சொல்லிக்கொடுக்கும் காபி. கறிக் குழம்பு வைக்கவும் அவரே கற்றுத்தருவார். அந்தப் பரணில் தங்கியிருப்பதற்கும் சண்டையில் ஜெயிப்பதற்கும் இப்படி ஒரு முடிச்சு.

இதனால்தான் சாதாரண விஷயங்களுக்கு எடை வருகிறது. நண்பன் ரியூஜி ‘ராமென் சாப்பிடலாமா’ என்று மெசேஜ் அனுப்பும் அதே நாளில் இன்னொருவரும் கூப்பிடுவார். ஒருவருக்கு ‘சரி’ என்றால் இன்னொருவரை இன்று பார்க்க முடியாது. மற்ற கேம்களில் நூறு கிளைக் கதைகளும் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று வரிசையில் காத்திருக்கும். இங்கே தவறவிட்ட மாலை திரும்பாது. வேலை, வீடு, நட்பு என்று ஒரே சாயங்காலத்தைக் கூறுபோடும் வயதில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

பலம் 2: போர் அடிக்காத போர்

டர்ன் பேஸ்டு சண்டை என்றாலே ‘நான் அடிக்கிறேன், நீ அடி’ என்ற தூக்கம் வரும் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெர்சோனா 5 அந்த எண்ணத்தை உடைத்தது.

நெருப்பு, பனி, மின்சாரம், காற்று என்று மொத்தம் பத்து வகைத் தாக்குதல்கள். பெரும்பாலான எதிரிகளுக்கு ஏதாவது ஒன்று ஆகாது. பனி உருவத்தின் மேல் நெருப்பை வீசினால் அது கீழே விழும். விழ வைத்தவருக்கு உடனே இன்னொரு வாய்ப்பு. அந்த வாய்ப்பை அவரே பயன்படுத்தலாம் அல்லது கையைத் தட்டி அடுத்த நண்பருக்குக் கைமாற்றலாம். கைமாறக் கைமாற அடியின் பலம் கூடும். எல்லா எதிரிகளும் விழுந்துவிட்டால், நால்வரும் சேர்ந்து மொத்தமாகப் பாய்ந்து முடித்துவிடலாம்.

பாயாமல், துப்பாக்கியை நீட்டிப் பேரமும் பேசலாம். ‘காசு கொடு’, ‘பொருள் கொடு’ அல்லது ‘என்னோடு சேர்ந்துகொள்’. எதிரியின் குணத்துக்கு ஏற்றபடி பதில் சொன்னால் அது கதாநாயகனின் இன்னொரு ‘பெர்சோனா’வாக, அதாவது மனதுக்குள்ளிருந்து அழைக்கக்கூடிய ஒரு சக்தியாக மாறிவிடும். இரண்டு பெர்சோனாக்களைக் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்கலாம். எதோடு எதைச் சேர்த்தால் என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

உலகின் பல புராணங்களிலிருந்து எடுத்த பெயர்கள் இவை. சிவன், விஷ்ணு, லட்சுமி, காளி, கணேசர், அனுமன், கருடன் எல்லோரும் பட்டியலில் உண்டு. பாலித் தீவு மரபின் பரோங்கையும் ரங்தாவையும் கலந்தால் சிவன் கிடைப்பார். ஆனால் இந்தக் கலப்பு கில்லட்டினில் தலை வெட்டப்படுவது போன்ற காட்சியாகக் காட்டப்படுவது, பக்தியோடு பார்ப்பவர்களுக்கு நெருடலாம்.

பலம் 3: மெனுவுக்கே விசில் அடிக்கலாம்

பொதுவாக யாரும் ஒரு கேமின் மெனுவைப் பற்றிப் பேச மாட்டார்கள். இங்கே பேசியே ஆக வேண்டும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்று நிறம். பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியது போன்ற கோணல்மாணலான எழுத்துகள். ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் கதாநாயகன் ஒரு புது போஸில் வந்து நிற்கிறான். சண்டையில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு தனி பட்டனில் இருக்கிறது. பட்டியலில் மேலும் கீழும் தேடும் வேலையே இல்லை. பார்க்க அழகு, பயன்படுத்த வேகம் என்று இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். ஆப் டிசைன் வேலையில் இருப்பவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

இசை ஷோஜி மெகுரோ. ஆசிட் ஜாஸ் வகை மெட்டுகளுக்குப் பாடகி லின் குரல் கொடுத்திருக்கிறார். சண்டையில் ஒலிக்கும் ‘லாஸ்ட் சர்ப்ரைஸ்’ துள்ள வைக்கும். மாலை நேரக் காபிக் கடையில் ஒலிக்கும் ‘பினீத் தி மாஸ்க்’ அப்படியே தணிய வைக்கும். கேமைத் தொடாதவர்கள்கூட வேலை செய்யும்போது பின்னணியில் ஓடவிடும் பாடல் அது.

பலம் 4: முதல் வில்லன்

டிராகனும் அசுரனும் வில்லனாக வரும் வகையில், பெர்சோனா 5-ன் முதல் வில்லன் ஒரு பி.டி. மாஸ்டர். பெயர் கமோஷிதா. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முன்னாள் வாலிபால் வீரர். பயிற்சி என்ற பெயரில் மாணவர்களை அடிக்கிறார், மாணவிகளிடம் அத்துமீறுகிறார். பள்ளி முதல்வருக்குத் தெரியும், ஆசிரியர்களுக்குத் தெரியும், பெற்றோரில் சிலருக்கும் தெரியும். அவரால் பள்ளிக்குப் பெயர் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர் மனதுக்குள் பள்ளி ஒரு கோட்டை, அவர் ராஜா, மாணவர்கள் அடிமைகள்.

தன்னோடு நெருங்கிப் பழகாவிட்டால் உன் தோழிக்கு அணியில் இடம் போய்விடும் என்று அன் தகாமாகி என்ற மாணவியை அவர் மிரட்டுகிறார். அவள் மறுத்ததற்கான கோபம் தோழி ஷிஹோ மீது திரும்புகிறது. ஷிஹோ பள்ளி மாடியிலிருந்து குதித்துவிடுகிறாள். வகுப்பறை ஜன்னலில் எல்லோரும் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இப்படிப்பட்ட காட்சிகள் தொடக்கத்திலேயே வருகின்றன. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான தரச்சான்று இதற்கு வழங்கப்பட்டிருப்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பின்னால் மாளிகையில் கமோஷிதாவின் மனவடிவம் தோற்று மண்டியிடும்போது, அவரை முடித்துவிடும் வாய்ப்பு அன் கையில் இருக்கிறது. அவள் கொல்லவில்லை. செய்ததை நினைத்து வாழ்நாள் முழுக்கத் தலைகுனியட்டும் என்று விடுகிறாள். இந்த வகை கேம்களில் எழுதப்பட்ட மிக வலுவான தொடக்கங்களில் ஒன்று இது.

அடுத்தடுத்த வில்லன்களும் தெரிந்த முகங்கள்தான். சீடர்களின் ஓவியங்களைத் தன் பெயரில் விற்கும் மூத்த ஓவியர் மதராமே. ஊழியர்களை இயந்திரமாக நினைத்து, பழுதானால் தூக்கி எறியும் துரித உணவு நிறுவன முதலாளி ஒகுமுரா. அதிக வேலையால் ஏற்படும் மரணத்துக்கு ‘கரோஷி’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் நாடு ஜப்பான். அங்கே அந்த முதலாளியின் மாளிகை ரோபோக்கள் நிறைந்த விண்வெளி நிலையமாகக் காட்டப்படுவதன் கிண்டல் யாருக்கும் புரியும்.

2011 நிலநடுக்கத்துக்கு முன் இந்தக் கதை உலகம் சுற்றும் பயணமாகத்தான் யோசிக்கப்பட்டது. பேரழிவுக்குப் பிறகு ஹஷினோ கவனத்தை ஜப்பான் சமூகத்தின் பக்கமே திருப்பினார். கேம் வெளியான 2016-ல்தான் ஜப்பானில் வாக்களிக்கும் வயது 20-லிருந்து 18 ஆகக் குறைந்தது. ‘சின்னப் பசங்க பேச்சை யார் கேட்பார்கள்?’ என்ற கேள்வி நாட்டிலேயே சூடாக இருந்த நேரம் அது.

சரி, சொதப்பல் எங்கே?

பலவீனம் 1: உங்க நேரத்துக்கு மதிப்பில்லையா?

முதல் சில மணி நேரம் கதாநாயகனை எங்கும் விடாது. வசனம், நடை, மறுபடி வசனம். காலண்டர் முழுதாக வசப்படுவதற்குள் பொறுமை இழந்து மூடிவைத்தவர்கள் நிறையப் பேர்.

அதன் பிறகும், நண்பர்கள் ஒரே திட்டத்தை நேரில் ஒருமுறை பேசுவார்கள், இரவு சாட்டில் இன்னொரு முறை பேசுவார்கள், மறுநாள் மறுபடி பேசுவார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்ட துப்பைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மட்டும் அரை மணி நேரம் ஆகும். நறுக்கென்று வெட்டியிருந்தால் கதை இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

கதாநாயகனுடனேயே இருக்கும் பேசும் பூனை மோர்கனா, கதை சூடான பல நாள்களில் ‘சோர்வா இருக்கே, படுத்துத் தூங்கு’ என்று அனுப்பிவிடும். மாலையைத் திட்டமிடு என்று சொன்ன கேமே அந்த மாலையைப் பிடுங்கிக்கொள்ளும். ரசிகர்கள் இதை மீமாகவே ஓட்டித் தள்ளினார்கள். ராயல் பதிப்பில் அந்த இரவுகளில் அறைக்குள்ளேயே சில வேலைகள் செய்ய அனுமதி தந்தார்கள். ஆனாலும் கட்டிப்போட்ட உணர்வு முழுதாகப் போகவில்லை.

இன்னொன்று மெமென்டோஸ். பொதுமக்கள் எல்லோருடைய மனமும் சேர்ந்த ஒரு சுரங்க ரயில் பாதை. யோசனை அருமை. நடைமுறையில், கம்ப்யூட்டர் தானாக அடுக்கிய ஒரே மாதிரியான தளங்களில் மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மாளிகைகளுக்குப் பக்கத்தில் இது வெறும் கான்கிரீட் வேலை.

சண்டையிலும் ஒரு பழைய விதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற மூவரும் நின்றுகொண்டிருந்தாலும் கதாநாயகன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நண்பர்களோடு நெருக்கம் கூடினால் அவர்கள் சில நேரம் குறுக்கே பாய்ந்து காப்பாற்றுவார்கள். இல்லையென்றால், கடைசியாக சேவ் செய்த இடத்திலிருந்து நடந்த வழியையே மறுபடி நடக்க நேரலாம். இரவு பதினொன்றரைக்கு அது நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பலவீனம் 2: சொல்லாமல் பூட்டும் கதவு

ராயலின் பெரிய ஈர்ப்பே புதிதாகச் சேர்க்கப்பட்ட ஜனவரி மாதக் கதை. வலியே இல்லாத ஒரு வாழ்க்கையை யாராவது கையில் கொடுத்தால், அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா, காரணம் இருக்கிறதா என்று அது கேட்கிறது. மொத்த கேமிலும் சிறந்த எழுத்து இங்கேதான் என்று சொல்பவர்கள் அதிகம்.

ஆனால் பள்ளிக்கு வரும் மனநல ஆலோசகர் மருகியுடனான நட்பை நவம்பர் 18-க்குள் ஒன்பதாம் நிலைக்கு உயர்த்தாவிட்டால் அந்தப் பகுதி திறக்கவே திறக்காது. இதை கேம் எங்கும் தெளிவாகச் சொல்வதில்லை. இதைத் தெரியாமல் 80 மணி நேரத்துக்கும் மேல் ஆடியவர், எதற்காக ராயலை வாங்கினாரோ அதைப் பார்க்காமலேயே முடித்துவிடலாம். ‘எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று தெரிந்து தேர்ந்தெடு’ என்பதுதான் காலண்டரின் நேர்மை. அந்த நேர்மையை கேமே இங்கே மீறுகிறது.

பலவீனம் 3: கமோஷிதாவைத் திட்டிவிட்டு...

மிகப் பெரிய சறுக்கல் இதுதான். ஒரு மாணவியின் உடல் அவளுக்கே சொந்தம் என்று அவ்வளவு உரக்கச் சொன்ன கதை, அடுத்த மாளிகையிலேயே தடம் புரள்கிறது. ஓவியன் யுசுகே, நிர்வாண ஓவியத்துக்கு மாடலாக நிற்கும்படி அன்னைக் கேட்கிறான். மதராமேயின் வீட்டுக்குள் நுழைய வழி கிடைக்கும் என்பதற்காக நண்பர்களே அவளை அதற்குத் தள்ளுகிறார்கள். இதெல்லாம் காமெடியாக எழுதப்பட்டிருக்கிறது. சில வாரங்களுக்கு முன் அவளுக்கு நடந்தது எதுவும் யாருக்கும் நினைவில்லை. அவளுக்குக் கொடுத்த உடையும் அவளைக் காட்டும் கேமரா கோணங்களும் அதே ரகம்.

ஆசிரியை கவகாமியின் கிளைக்கதை இன்னோர் உதாரணம். ஒரு மாணவனின் மரணத்துக்குத் தானே பொறுப்பு என்ற குற்ற உணர்வு, அதை வைத்துப் பணம் பறிக்கும் உறவினர்கள், அதற்காகப் பார்க்கும் இரண்டாவது வேலை என்று உருக்கமாகப் போகும் கதை அது. கடைசியில் விரும்பினால் அவரையே காதலியாக ஆக்கிக்கொள்ளலாம் என்கிறது கேம். கதாநாயகன் அவருடைய வகுப்பு மாணவன். ஆசிரியர் மாணவியிடம் அத்துமீறுவதில் தொடங்கிய கதை இது என்பதை எழுதியவர்களே மறந்துவிட்டார்கள். மருத்துவர் தகெமி உட்பட வேறு சில பெரியவர்களும் இதே பட்டியலில் இருக்கிறார்கள்.

ஷின்ஜுகு தெருவிலும் கடற்கரையிலும் ரியூஜியைத் துரத்தும் இரண்டு ஆண்களின் காட்சிகள், தன்பாலீர்ப்பாளர்களைக் கேலிப்பொருளாக்கியதாகக் கடும் விமர்சனம் பெற்றன. ராயலின் ஆங்கிலப் பதிப்பில் அந்த வசனங்களை மாற்றினார்கள். விமர்சனம் காதில் விழுந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் அன்னின் காட்சிகளுக்கு அந்த அக்கறை நீளவில்லை.

பலவீனம் 4: நட்பா, டிஸ்கவுண்ட் கூப்பனா?

தகெமியின் மருந்துச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்தால் அவர் கடையில் புது மருந்துகள் வரும். ஷிபுயாவில் மைக் பிடிக்கும் முன்னாள் அரசியல்வாதி யோஷிதாவுடன் பழகினால் பேரம் பேசும் திறமை கூடும். கவகாமியின் நட்பு முற்றினால், மாளிகைக்குப் போய்வந்த களைப்பிலும் இரவைப் பயன்படுத்த வழி கிடைக்கும். உறவுகள் பலம் தரும் என்ற கருத்தை விதிகளாகவே மாற்றியது புத்திசாலித்தனம்தான்.

பக்கவிளைவும் உண்டு. எந்தப் பதில் சொன்னால் எதிரில் இருப்பவர் குளிர்வாரோ அதற்குத்தான் அதிகப் புள்ளி. மனதில் பட்டதைச் சொல்வதை விட, கைடு பார்த்துச் ‘சரியான’ பதிலைத் தட்டுவது லாபம். எதைச் சொன்னாலும் மையக் கதை பெரும்பாலும் மாறாது. தாமதமாகக் குழுவில் சேரும் ஹாருவுக்கோ தனக்கென்று இடமே இல்லை. அப்பாவின் நிறுவனம் தொடர்பான அவளது பெரும் துயரத்தைக் கதை அவசரமாகத் தாண்டிப் போகிறது.

ஒருவர் சம்மதமில்லாமல் அவர் மனதை மாற்றுவது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. கேமே அதை எழுப்புகிறது, சிலரை விட்டுக் கேட்கவும் வைக்கிறது. ஆனால் வில்லன்கள் அத்தனை பேரும் அப்பட்டமான கெட்டவர்களாக இருப்பதால், ஜனவரி வரும் வரை அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறது.

போனில் விளையாட முடியுமா?

ராயலுக்கு நேரடி மொபைல் பதிப்பு இல்லை. 2025-ல் ஆங்கிலத்தில் வெளியான ‘பெர்சோனா 5: தி ஃபேன்டம் எக்ஸ்’ போனில் ஓடும். சீன ஸ்டுடியோ ஒன்று உருவாக்கிய அதில் கதாநாயகன் வேறு, கதையும் வேறு. குலுக்கல் முறையில் பாத்திரங்களைப் பெறும் ‘கச்சா’ வகை அது. பணம் கரையும் வழி நிறைய. ராயலுக்கு மாற்றாக அதை நினைக்க வேண்டாம். ராயலில் தமிழ் இல்லை. நூறு மணி நேரமும் ஆங்கில வசனங்களைப் படித்துப் போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் குறைவு, ஆனா ஆசை இருக்கு. என்ன செய்யலாம்?

* ஸ்விட்ச், ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவிகள் வசதி. பாதியில் ஸ்லீப் மோடில் போட்டுவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

* ஐந்து கடினநிலைகள் உண்டு. கதைதான் முக்கியம் என்றால் ‘சேஃப்டி’ அல்லது ‘ஈஸி’ போதும். யாரிடமும் நிரூபிக்க எதுவும் இல்லை.

* சேவ் ஃபைல்களை ஒன்றின் மேல் ஒன்று எழுதாமல் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கெடு நெருங்கும்போது அதுதான் காப்பாற்றும்.

* மாளிகை திறந்ததும் முதல் சில நாள்களிலேயே முடித்துவிட்டால், மீதி நாள்கள் நண்பர்களுக்கு மிஞ்சும்.

* மருகி கூப்பிடும்போதெல்லாம் போய்விட வேண்டும். நவம்பர் 18 என்ற தேதியை மட்டும் எங்காவது குறித்து வைக்கலாம். எல்லா நட்பையும் உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற பேராசை தேவையில்லை.

கடைசியாக...

கதைக்காக கேம் விளையாடுபவர், நிதானமாக யோசித்து ஆடப் பிடிப்பவர், ஒரு நீண்ட நாவலையோ வெப் சீரிஸையோ மாதக்கணக்கில் கூடவே வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு இதைவிட நிறைவான ஜே.ஆர்.பி.ஜி. கிடைப்பது கடினம். வேகமும் சுருக்கமும் வேண்டும் என்பவர்களுக்கும், பெண் பாத்திரங்களை நடத்தும் விதத்தில் சமரசம் செய்ய முடியாதவர்களுக்கும் இது செட் ஆகாது. ஹஷினோ அடுத்து இயக்கி 2024-ல் வெளியான ‘மெட்டஃபர்: ரீஃபான்டாசியோ’விலும் இதே காலண்டர் உண்டு, பள்ளிக்கூடம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அதைப் பார்க்கலாம்.

முடிவெடுக்க 100 மணி நேரமும் தேவையில்லை. கமோஷிதாவின் மாளிகை முடியும்வரை ஆடிப் பார்த்தாலே இந்த கேமின் மொத்தக் குணமும், நல்லதும் கெட்டதும், தெரிந்துவிடும். மே 2-ஐத் தாண்டியும் மனம் ஒட்டவில்லையென்றால் தயங்காமல் மூடிவைக்கலாம். இந்த மாலையை எதற்குக் கொடுக்கப் போகிறாய் என்று யோசித்து முடிவெடுக்கச் சொன்னதே அந்த கேம்தான்.